உறைக்குள் அடங்காத இறக்கை

உங்கள் ஸ்டேஷனில் மின்விசிறி சத்தமே போடாமல் சுற்றுகிறது. அரசாங்கக் கட்டடத்தில் இப்படி ஒரு விசிறியை நான் பார்த்ததில்லை. பணிக்காலம் முழுவதும் கிளை நூலகங்களில் இருந்தவன் நான். தலைக்கு மேல் ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு நேர் கீழே ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு பலகை தொங்கும். பலகையை மதித்தது நான் ஒருவன்தான்.

சாட்சிக் கையெழுத்துக்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், தெரியும். தசரதன் இறந்தது விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். படித்துப் பார்த்தேன், இன்ஸ்பெக்டர் சார். எழுத்துப் பிழை அதிகமில்லை. ஆனால் ஓர் இடத்தில் நடந்தது வேறு, எழுதியது வேறு. அதைத் திருத்தாமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும். அவசரம் ஒன்றும் இல்லையென்றால் உட்காருங்கள்.

என் பெயர் ராஜசேகரன். சொந்த ஊர் மாயவரம் பக்கம். மாற்றலில் ஆவடிக்கு வந்து, சேக்காட்டில் ஓர் அடுக்குமாடியில் வீடு வாங்கி அப்படியே தங்கிவிட்டேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. யாராவது ஒன்று கேட்டால் பதிலை மனதுக்குள் முழுதாக எழுதிப் பார்த்து, அடித்துத் திருத்தி, பிறகுதான் வாயைத் திறப்பேன். அதற்குள் பெரும்பாலும் கேட்டவர் போயிருப்பார். என் மனைவி சொர்ணம் திருச்சியில் தங்கை வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. பையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, “போகட்டுமா, வேண்டாமா?” என்று கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் பதிலுக்காகக் காத்திருந்த ஒரே மனிதர் தசரதன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒண்டியாக இருந்தார். சேக்காடு ஏரிப் பக்கம் ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. சாயங்காலம் நான் அங்கே புத்தகத்துடன் உட்காருவேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கேட்பார். நான் யோசிப்பேன். மற்றவர்களைப் போல் எழுந்து போகமாட்டார். “நீ யோசி சார், நான் பீடி பத்த வெச்சிக்கிறேன்” என்பார். ஒரு பீடி முழுதும் முடிந்தும் நான் பேசவில்லையென்றால் என் முகத்தைக் குனிந்து பார்த்து, “இன்னா சார், லோடு ஆவுதா?” என்பார். என்னைக் கேலி செய்ய அனுமதி பெற்ற ஆள் அவர் ஒருவர்தான். அனுமதி நான் கொடுத்ததில்லை. மறுத்ததும் இல்லை.

அவருக்குக் குத்தம்பாக்கத்தில் ஒரு மனை இருந்தது. ஒருநாள் தன் எக்ஸெல் மொபெட்டில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, திருமழிசை வழியாக அழைத்துப்போய்க் காட்டினார். உயர் அழுத்த மின்கம்பிக் கோபுரம், அதை ஒட்டிய மூலை மனை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனையை முதலில் எனக்குத்தான் விற்கப் பார்த்தார்கள்.

அது தசரதனை நான் அறிவதற்கு முந்தைய கதை. வயலை மனைகளாகப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். புரோக்கர் என்னைக் கூட்டிப்போன அன்று, மனை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பாசனக் கிணறு இருந்தது. ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்று, இடித்த வீட்டுக் குப்பையை அதற்குள் கொட்டிக்கொண்டிருந்தது. கிணற்றின் உள்திட்டில் ஒரு பழைய ஆயில் என்ஜின் உட்கார்ந்திருந்தது. அதைக்கூட வெளியே எடுக்கவில்லை, அதன் தலைமேலேயே கொட்டினார்கள். “ரெண்டு மழை பெஞ்சா இறுகிடும் சார்” என்றார் புரோக்கர். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேறு யாரோ வாங்கிவிட்டார்.

அந்த வேறு யாரோ இப்போது என் முன்னால் நின்று, முகமெல்லாம் பல்லாக, “எப்டி சார் கீது நம்ம இடம்?” என்று கேட்டார். சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கத் தொடங்கினேன். “லோடு ஆவுது, லோடு ஆவுது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு அந்த விஷயத்தைச் சொல்வது நாகரிகமாகப் படவில்லை.

இப்படியே ஒன்றும் ஆகாமல் போயிருக்கும், அவருடைய மகள் யுவராணி இல்லையென்றால். நல்ல பெண். ஓசூரில் கணவன் பரத்துடன் இருக்கிறாள். அப்பாவை இனிமேல் தனியாக விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். குத்தம்பாக்கத்தில் பஸ் நிலையம் வருகிறது என்றதும் மனைகளுக்கு ஆள் தேட ஆரம்பித்திருந்தார்கள். கிடங்கு கட்டுகிற ஒருவர் தசரதனின் மனையைக் கேட்டார். ஒரு சாயங்காலம் பெஞ்சில் பக்கோடாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, “இத்த வித்துட்டு ஓசூரு போயிடலாம்னு கீறேன் சார். நீ இன்னா சொல்ற?” என்றார்.

நான் என்ன சொல்வது. போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை. அது நாக்கு நுனி வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பீடி முடிந்தது. பக்கோடாவும் முடிந்தது. “செரி, நாளைக்குச் சொல்லு” என்று எழுந்து போனார்.

விமானக் கதை நான் கட்டியது இல்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எந்த டீக்கடையில் நின்றாலும் அது காதில் விழும். இரண்டாம் உலகப் போர் முடிந்து வெள்ளைக்காரன் கிளம்பும்போது, மிச்சமிருந்த விமானங்களைக் கொண்டுபோக வகையில்லாமல், கிரீஸ் தடவி, மரப்பெட்டியில் அடைத்து, பள்ளம் வெட்டிப் புதைத்துவிட்டுப் போனான் என்று. எத்தனை விமானம் என்பது சொல்கிறவருக்கு அன்றைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தசரதனின் மனைக்குப் போகும் வழியில் டீக்கடை வைத்திருக்கும் ராஜம்மா, தன் மாமனார் அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்வாள்.

“யானை கட்டி இழுத்துகினு வந்தாங்களாம். அவ்ளோ பெரிய பொட்டி.”

“இங்க ஏது ராஜம்மா யானை?” என்று தசரதன் மடக்குவார்.

“ஏரோப்ளேன் கொண்ணாந்தவன் யானை கொண்ணாரமாட்டானா? டீயக் குடி.”

நான் படித்த வரையில், போர் எட்டிப் பார்த்த ஊர்களிலெல்லாம் இப்படி ஒரு பேச்சு இருக்கிறது. புதைத்ததைப் பார்த்தவரின் மருமகள் எல்லா ஊரிலும் இருக்கிறாள். விமானம்தான் எங்கேயும் இல்லை.

கிடங்குக்காரர் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்றார். தசரதன் துலுக்கானத்தை அழைத்து வந்தார். நீரோட்டம் பார்ப்பவர், ஆழ்துளை போடுகிற லாரியையும் அவரே பிடித்துக் கொடுப்பார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். கீழே தண்ணீர் ஓடினால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கிணற்றைப் புதைத்த இடத்துக்கு அவர் வந்ததும் தேங்காய் விறைப்பாக எழுந்து நின்றது. கொஞ்சம் மதிப்பு வந்தது.

அங்கேயே லாரியை நிறுத்தித் துளை போட்டார்கள். பதினைந்து அடி போயிருக்கும், ணங் என்று ஒரு சத்தம். கூடி நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓரடி முன்னால் வந்தார்கள். சேற்றோடு சுருள் சுருளாக இரும்புச் சீவல் வந்தது. மோந்து பார்த்தால் கிரீஸ் வாசனை. கூட்டத்தில் யாரோ மெதுவாக, “ஏரோப்ளேன்டா” என்றார்கள். அது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் இல்லை.

அன்று சாயங்காலம் தசரதன் பெஞ்சில் கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே அந்தச் சீவல்.

“சார். நீ புஸ்தகம் படிச்ச ஆளு. நீ சொன்னா நான் மறுபேச்சு பேசமாட்டேன். இது மெய்யாலுமே ஏரோப்ளேனா, இல்ல வேற எதுனா ஓட்ட ஒடசலா?”

இந்த முறை பதில் தயாராகவே இருந்தது. அடித்துத் திருத்த ஒன்றுமில்லை. அது ஆயில் என்ஜின், உங்கள் மனை ஒரு மூடிய கிணறு. இவ்வளவுதான். சொல்லியிருந்தால் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு மறுவாரம் ஓசூர் பஸ் ஏறியிருப்பார். நான் ஏரியைப் பார்த்தேன். அவர் பீடியைப் பற்ற வைத்தார். அது முடிந்ததும் இன்னொன்று. லோடு ஆகிறதா என்று அன்றைக்குக் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “புரிஞ்சிடுச்சி சார்” என்றார். “தெரிஞ்சவன் வாயத் தொறக்கமாட்டான். கவர்மெண்டு சமாச்சாரம். நீ சொல்லாத. நான் கேக்கவே இல்லன்னு வெச்சிக்கோ.” என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டுமானால் இதற்குச் சாட்சி அவர்தான்.

மறுநாள் போர் விமானங்களின் படம் போட்ட புத்தகம் ஒன்று வேண்டும் என்றார், கொடுத்தேன். கேட்டவருக்குப் புத்தகம் கொடுப்பது என் தொழில். கிடங்குக்காரரிடம் மனை விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். யுவராணியிடம் கொஞ்சநாள் போகட்டும் என்றார். எதற்கும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று துலுக்கானத்தை மறுபடி கூப்பிட்டார்.

“தண்ணிக்குத் தேங்கா நிக்கும். இரும்புக்கு இன்னா பண்ணும் அண்ணாத்தே?” என்று தசரதன் கேட்டார்.

துலுக்கானம் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னார்: “இரும்புக்குப் படுத்துக்கும்.”

தேங்காயைக் கையில் படுக்கவைத்து மனை முழுவதும் நடந்தார். போன தடவை தேங்காய் நின்ற மூலையை மட்டும், அங்கே தண்ணீர் குழப்பும் என்று விலக்கிவிட்டார். மற்ற இடமெல்லாம் தேங்காய் படுத்தே இருந்தது. தசரதன் என் தோளைத் தட்டி, “பார்த்தியா சார், எவ்ளோ நீளம்” என்றார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷப்படுகிற மனிதரிடம் எதையும் திருத்த எனக்குப் பிடிக்காது.

தோண்டுவது என்று முடிவானது. ஜேசிபி வேண்டாம் என்று தசரதனே சொல்லிவிட்டார். அது வந்தால் ஊர் வரும், ஊர் வந்தால் அதிகாரி வருவார், அதிகாரி வந்தால் விமானம் போய்விடும். தவிர, பல் பட்டால் ஓட்டையாகிவிடும். எனவே கடப்பாரை, மண்வெட்டி, கூடை. நீலத் தார்ப்பாய் கட்டி மறைத்து, கேட்டவர்களிடமெல்லாம் செப்டிக் டேங்க் என்றார். உங்களுக்கே தெரியும், இந்தப் பக்கத்து மனைகளில் செப்டிக் டேங்க் என்று சொன்னால் எதை வேண்டுமானாலும் தோண்டலாம். ராஜம்மா மட்டும் ஒருநாள் டீ கொண்டுவந்தவள் பள்ளத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “ஒண்டிக்கட்டைக்கு இம்மாம் பெரிய டேங்கா? இன்னா நைனா சாப்புட்ற நீ?” என்றாள்.

இப்போது நீங்கள் அறிக்கையில் கேள்விக்குறி போட்டிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். மண் சரியாமல் தாங்கும் சிமென்ட் வளைய உறையை ஏன் இறக்காமல் தோண்டினார்கள். துலுக்கானம் சொன்னார், அதை மறைக்கவில்லை. “கொட்டுன மண்ணு, நிக்காது. சிமெண்டு உறை எறக்கி அதுக்குள்ளாற தோண்டு. மேல அள்றத தூரமாக் கொட்டு” என்றார். தசரதன் அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

“உறை நாலடி அகலம் அண்ணாத்தே. ஏரோப்ளேன் இறக்கை முப்பதடி. சார் குட்த்த புஸ்தகத்துல போட்டுகீது. நாலடி உறைக்குள்ள முப்பதடி இறக்கை எப்டி வரும்?”

துலுக்கானம் யோசித்தார். உதட்டைப் பிதுக்கினார். வராதுதான் என்று ஒப்புக்கொண்டார். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உறைக்குள் இறக்கை அடங்காது என்பது உண்மை. நான் அதை மறுக்கவில்லை.

அந்தக் கோடைக்காலம்தான் என் வாழ்க்கையில் நான் மகிழ்ச்சியாக இருந்த காலம் என்று நினைக்கிறேன். முன்பு சாயங்காலம் மட்டும் கிடைத்த மனிதர் இப்போது காலையிலேயே வந்து ஹாரன் அடித்தார். அவர் கீழே தோண்டுவார். நான் மேலே கப்பியில் கயிற்றைப் போட்டுக் கூடையை இழுப்பேன். உள்ளங்கை காய்த்தது. இழுத்த மண்ணை விளிம்புக்குப் பக்கத்திலேயே கொட்டினேன். தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினால், அவர் கீழிருந்து பேசுவது கேட்காது. ஓயாமல் பேசுவார். விமானத்தை வெளியே எடுத்ததும் முதலில் என்னைத்தான் அதில் உட்காரவைப்பாராம். “நீ முன்னால குந்து சார். நான் பின்னால. யுவராணி ஊட்டு மாடிக்கு மேல ஒரு ரவுண்டு வுடுவோம்.” யாருக்கு ஓட்டத் தெரியும் என்று கேட்டேன். “நீ யோசிச்சி வெய்யி” என்றார்.

யுவராணி தினமும் ஃபோன் செய்வாள். சில நாள் அவர் கூடையில் ஃபோனை வைத்து மேலே அனுப்பி என்னைப் பேசச் சொல்வார். “அங்கிள், அப்பா எப்பதான் வருவாரு? நீங்களாவது சொல்லுங்களேன்” என்பாள். நான் யோசிப்பேன். “ஹலோ? ஹலோ? சிக்னலே இல்ல” என்று வைத்துவிடுவாள்.

மேல்பாதிக்குப் படி வெட்டியிருந்தோம். அதற்குக் கீழே செங்குத்தாகப் போனது. அங்கே இறங்க, என் வீட்டில் பரண் ஏறும் இரும்பு ஏணியைக் கொண்டுவந்து, மேலிருந்தே இழுத்துக்கொள்ள ஒரு கயிறும் கட்டிக் கொடுத்தேன். ஏணி என்னுடையது என்பதை இங்கே குறிப்பிடுவது பொருத்தம்.

நேற்று யுவராணி என் வீட்டுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “கடைசி வரைக்கும் நீங்கதான் அங்கிள் அவரு கூட இருந்தீங்க. இல்லன்னா எங்கப்பா யாருமே இல்லாம போயிருப்பாரு” என்றாள். நன்றி சொல்ல வந்திருந்தாள். நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் போன பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. கடைசிவரை நான் இருந்தேன் என்று அவள் சொன்னது அவளுக்கே தெரியாமல் சரியாக இருந்தது. உங்கள் அறிக்கையில் அது இல்லை. தசரதன் தனியாகத் தோண்டும்போது மண் சரிந்தது, மறுநாள் காலை துலுக்கானம் வந்து பார்த்து ஊரைக் கூட்டினார் என்று இருக்கிறது. ஏணி மேலே புல்லில் கிடந்ததை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். மீட்க வந்தவர்கள் யாராவது எடுத்துப் போட்டிருப்பார்கள் என்று எழுதிவிட்டீர்கள். அந்த வாக்கியம்தான் பிழை.

டீக்கடைப் பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். தீயணைப்புக்காரர்கள் அவரோடு சேர்த்து ஓர் என்ஜினையும் வெளியே எடுத்தார்கள் இல்லையா. ராஜம்மா கடையில் இப்போது, ஏரோப்ளேன் என்ஜின் கிடைத்துவிட்டது, மீதி உடம்பு இன்னும் கீழே இருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். பக்கத்து மனைக்காரர் நேற்று செப்டிக் டேங்குக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தாராம். முடிந்தால் அவரைத் தடுத்து வையுங்கள்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கடப்பாரை இரும்பில் பட்ட சத்தம் கேட்டது. பிறகு கையால் மண்ணைத் தள்ளுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஒரு சக்கரத்தின் மேல்விளிம்பை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் கம்பெனி பெயர் தெரிந்தது போலிருக்கிறது. திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தார்.

“சார், ஆயில் என்ஜினு சார். தண்ணி எறைக்கிறது. இத்தப் போயி ஏரோப்ளேன்னு...” மூச்சு வாங்கினார். “யப்பா. போதும்பா. யுவராணி சிரிச்சே செத்துடுவா. நாளைக்கே ஓசூருக்கு வண்டி ஏறப்போறேன் சார். கெடங்குக்காரன் கேட்ட வெலைக்கே குட்த்துட்றேன்.”

அவர் கோபப்படுவார் என்றுதான் நான் பயந்திருந்தேன். கோபத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. சந்தோஷமாகக் கிளம்புவார் என்று எதிர்பார்க்கவில்லை.

பிறகு அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். குப்பை மண்ணுக்கு நடுவில் வரிசையாகக் கருங்கல் கட்டு. அதைத் தொடர்ந்து அவர் கண் வட்டமாக ஒரு சுற்று சுற்றிவந்து மேலே ஏறி என் முகத்தில் நின்றது. “இது கெணறு” என்றார். “கெணத்த மூடிக்கீறாங்க. சார், உனுக்குத் தெரியுமா?”

நான் யோசித்தேன். அவர் பீடியைத் தேடவில்லை. கொஞ்ச நேரம்தான் காத்திருந்தார். இத்தனை காலத்தில் என் மௌனத்தை அவர் சரியாகப் புரிந்துகொண்டது அந்த ஒரு தடவைதான். முகத்திலிருந்து சிரிப்பு மெல்லப் போனது. திட்டவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். “போவலாம் சார்” என்று ஏணியில் கை வைக்க வந்தார்.

நான் ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன்.

கொல்வதற்காக இல்லை. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அவர் ஏறிவிட்டால் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பெஞ்சுக்கு வரமாட்டார். நான் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அன்றைக்கு, அந்த நிமிடம், எல்லாம் அடித்துத் திருத்தப்பட்டு வரிசையாக வந்து நின்றது. எனக்கே ஆச்சரியம். ஏணியைப் புல்லில் கிடத்திவிட்டு, விளிம்பில், நான் கொட்டிவைத்த மண் குவியலின் மேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். புரோக்கர் காட்டிய கிணறு, லாரி, நாக்கு நுனியில் நின்றுபோன வார்த்தை, திருச்சிக்குப் போன சொர்ணம், காலையில் அவர் ஹாரன் அடிக்கும்போது நான் முன்பே செருப்புப் போட்டுத் தயாராக நின்றிருப்பது. தடங்கலே இல்லாமல் வந்தது.

நான் உட்கார்ந்த கனத்தில்தான் மண் விட்டிருக்க வேண்டும். அது நீங்கள் நினைப்பது போல் தடதடவென்று வரவில்லை. முறத்திலிருந்து மாவு சரிவது போல் வந்தது. முதலில் அவர் முழங்கால் வரை. நான் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

“சார், ஏணியப் போடு” என்றார்.

போடமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஒரு நிமிடம் என்று கை காட்டினேன். பாதி வாக்கியத்தில் இருந்தேன். மறுபடி சரிந்தது, இடுப்பு வரை. “சார், வெளையாடாத சார். யுவராணிக்கு ஃபோனப் போடு” என்றார். அவருடைய ஃபோன் அன்றைக்கு மேலே என் பக்கத்தில்தான் இருந்தது. அது அடித்தது என்றுகூட நினைக்கிறேன். அவர் இன்னும் இரண்டு மூன்று தடவை என்னைக் கூப்பிட்டார். என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதே எனக்கு மறந்து மறந்து போயிற்று. பிறகு எதிர்ப்பக்கத்துச் சுவரும் வந்தது. அதற்குப் பிறகு அமைதியாக இருந்தது. மீதியை நிதானமாகச் சொல்லி முடித்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு எழுந்தேன். ஃபோனை, அவர் மேலே கழற்றிப் போட்டிருந்த சட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன், மெயின் ரோடு வரை நடந்து பஸ் பிடித்தேன். வீட்டில் உப்புமா கிண்டினேன். இவ்வளவுதான், இன்ஸ்பெக்டர் சார். ஏணியை எடுத்தவன் நான். மண்ணைக் கொட்டியவன் நான். அந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஆரம்பத்திலிருந்தே தெரிந்தவனும் நான். நான் கடைசிவரை அங்கேயே இருந்தேன் என்று திருத்தி எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

அவர்மேல் எனக்கு வருத்தம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். நடுநடுவே குறுக்கிட்டுப் பேசியதில் ஒவ்வொரு தடவையும் நான் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டிருந்தால் நான் சீக்கிரமே முடித்து ஏணியைப் போட்டிருப்பேன்.